மணிக்கு மூன்று மைல்

தெரிந்தவர் ஒருவர் புதுசாக வண்டி வாங்கினால் நாம் என்ன கேட்போம்? விலை கேட்போம். மைலேஜ் கேட்போம். அப்புறம், 'எவ்வளவு ஸ்பீடு போகும்?' என்போம். 'இந்த வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும்?' என்று கேட்ட ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அப்படியொரு கேள்வியை 1940-ல் ஒரு ராணுவமே கேட்டது. அதற்குக் கிடைத்த பதில்தான் ஜீப்!

அந்தக் கதைக்குப் போகும் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு ஒரு நிமிஷம் வாருங்கள். ஆடிப்பூரம். ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறியிருக்கும் பெரிய தேர். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடிக்கின்றன. எல்லோர் கண்ணும் தேருக்கு மேலே இருக்கும். நீங்கள் கொஞ்சம் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். கையில் கட்டையோடு சிலர் நிற்பார்கள். தேருக்கு ஏது ஸ்டீயரிங்? அந்தக் கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கமாக, எந்த நொடியில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் தேர் திரும்புவதும் நிற்பதும் இருக்கிறது. 'முட்டுக்கட்டை போடாதே' என்று ஊரில் திட்டுகிறோமே, தேரோடும் வீதியில் அது மரியாதைக்குரிய வேலை! இழுக்கிற பலம் ஆயிரம் பேருக்கு உண்டு. அந்தப் பலத்தை அங்குலம் அங்குலமாக விடத் தெரிந்தவர்கள் சில பேர்தான்.

அமெரிக்க ராணுவத்துக்கும் தேவைப்பட்டது இதே வித்தைதான்.

1940 ஜூனில் ஹிட்லரின் படைகள் பிரான்ஸை விழுங்கிவிட்டன. அமெரிக்கா இன்னும் போரில் குதிக்கவில்லை. ஆனால், எந்த நேரமும் குதிக்க வேண்டிவரும் என்று தெரிந்துவிட்டது. வேவு பார்க்கவும் செய்தி கொண்டுபோகவும் அதுவரை குதிரையும் மோட்டார் சைக்கிளும்தான். சேற்றிலும் கல்லிலும் ஓடுகிற ஒரு குட்டி வண்டி வேண்டும் என்று ஜூலையில் 135 கம்பெனிகளுக்கு ராணுவம் கடிதம் போட்டது. நிபந்தனைகளைப் பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போக வேண்டும். எடை 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோவைத் தாண்டக் கூடாது. மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும்! பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. மணிக்கு 50 மைல் வேகத்திலும் ஓட வேண்டும். மணிக்கு 3 மைல் வேகத்திலும் உறுமாமல், உதறாமல், நின்றுவிடாமல் ஓட வேண்டும்.

மூன்று மைல் என்றால் ஐந்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மூட்டை சுமந்த சிப்பாய் நடக்கிற வேகம். மனிதனோடு சேர்ந்து 'நடக்கிற' கார்!

135 பேரில் பதில் சொன்னவர்கள் இரண்டே பேர். வில்லிஸ், இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும் என்றது. ஏறக்குறைய மூழ்கிக்கொண்டிருந்த பான்டம் என்ற சின்ன கம்பெனி, 'முடியும்' என்றது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரைக் கூப்பிட்டார்கள். இரண்டே நாளில் அவர் வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிகிற நாளில், பால்டிமோருக்குப் பக்கத்தில் இருந்த ராணுவ முகாமுக்குள் மாதிரி வண்டி நுழைந்தது. எடை மட்டும் நிபந்தனையைத் தாண்டியிருந்தது. அந்த 590 கிலோவை யாராலுமே எட்ட முடியவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் பெரிய ஆர்டர் யாருக்குப் போனது தெரியுமா? வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும்! போர் முடிவதற்குள் அவர்கள் இருவரும் செய்து தள்ளியவை சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள். முதலில் 'முடியும்' என்ற பான்டம், பின்னால் டிரெய்லர் செய்து பிழைத்தது.

சரி, காரை 'நடக்க' வைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போயிற்று என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். பெட்ரோல் எஞ்சின் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாகச் சுற்றாது, திணறி நின்றுவிடும். ஆக, எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

பஞ்சரான காரை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறீர்களா? கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றினால் கார் ஒரு அங்குலம் எழும்பும்! ஆனால், ஒல்லிப்பிச்சான் ஆசாமிகூடத் தூக்கிவிடுகிறார். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிற பண்டமாற்று அது. கியர் செய்வதும் அதுதான்.

அந்தக் கால ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லீவர்கள் இருந்தன. ஒன்று, முன் சக்கரங்களுக்கும் சக்தியைத் திறந்துவிட. இன்னொன்று 'ஹை', 'லோ' என்று மாற்ற. ஃபர்ஸ்ட் கியர் எஞ்சின் வேகத்தை 2.66 பங்கு குறைக்கும். லோ லீவர் அதை மறுபடி ஏறக்குறைய இரண்டு பங்கு குறைக்கும். அச்சில் இருக்கும் பல்சக்கரம் 4.88 பங்கு. பெருக்கிப் பாருங்கள், சுமார் 25 வரும். எஞ்சின் நிமிஷத்துக்கு 900 சுற்று ஓடினால் சக்கரம் 35 சுற்றுதான். மணிக்கு எவ்வளவு? மூன்று மைல்! ராணுவம் கேட்ட கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது போர். குடியமர்த்தியது மஹிந்திரா. 1945-ல் இரும்பு வியாபாரத்துக்காக 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதியமைச்சர் ஆனார். இங்கே 1948-ல் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. வில்லிஸின் உதிரி பாகங்களை வரவழைத்துப் பூட்டி ஜீப்பாக இறக்கினார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சைகூட ஜீப்பில்தான் ஏறி வந்தது! 1948-ல் காஷ்மீர் சண்டைக்காக லண்டனில், வி.கே.கிருஷ்ண மேனன் ஹைகமிஷனராக இருந்தபோது வாங்கப்பட்ட பழைய ஜீப்புகளில் வந்து சேர்ந்தவை 155. பயன்படாது என்று ராணுவம் கையை விரித்தது. 1955-ல் அரசு அந்த விவகாரத்தை மூடிவிட்டது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு, தார் ரோடு பார்க்காத கிராமங்கள்கூட பி.டி.ஓ. ஜீப்பைப் பார்த்துவிட்டன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடுத்தடுத்த ஊர்கள். பஸ்ஸில் போகும்போது மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கும். இந்த இரண்டு ஊரிலிருந்தும் அதைக் கடந்து கேரளத்துக்குப் போக நேர் ரோடு இல்லை. வடக்கே குமுளி, இல்லை தெற்கே செங்கோட்டை என்று சுற்றத்தான் வேண்டும். மலைக்கும் ஊருக்கும் நடுவே ராஜபாளையத்து மாந்தோப்புகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு. அதற்கு மேலே ரோடு கிடையாது. ஓடையும் கல்லும்தான். அந்தக் கல் எல்லாம் மழைக்காலத்துக்கு மழைக்காலம் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. போன வருஷம் பார்த்த பாதை இந்த வருஷம் இருக்காது.

இப்படிப்பட்ட பாதையில் ஜீப் ஓட்டுவது எப்படி? நெடுஞ்சாலையில் கற்றதை முதலில் மறக்க வேண்டும். லோ லீவரைப் போட்டு, ஃபர்ஸ்ட் கியரில் வைத்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எடுத்தது எடுத்ததுதான். பயந்துபோய் ஹாஃப் கிளட்சில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வரும், பிளேட் காலி. பெரிய கல்லைப் பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடத்தான் கை போகும். கூடாது! நடுவில் விட்டால் ஆயில் சேம்பரிலோ டிஃபரன்ஷியலிலோ இடிக்கும். சக்கரத்தைக் கல் மேலேயே ஏற்றி, மெல்ல இறக்க வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதித்தால் வண்டி உங்கள் கையை விட்டுப் போய்விடும். எஞ்சினே பிடித்து இழுத்து நிறுத்தட்டும். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் இதற்காகத்தான். இன்னொன்று, கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே மடக்கக் கூடாது. முன் சக்கரம் கல்லில் மோதினால் பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பும். விரல் உடைந்துவிடும்.

'இதெல்லாம் எதற்கு சார்? நல்ல ரோடு போட்டுவிட்டால் போச்சு!' என்கிறீர்களா? இங்கேதான் இன்னொரு குடிமகனை நீங்கள் சந்திக்க வேண்டும். சாம்பல் நிற மலை அணில். நம் வீட்டு அணில் மாதிரி முதுகில் மூன்று கோடு போட்ட குட்டி அல்ல. வாலோடு சேர்த்தால் பூனை நீளத்துக்கு இருக்கும். உலகத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் மட்டும்தான் உண்டு. அதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டரை சரணாலயமாக அறிவித்தார்கள்.

இந்த அணிலுக்கு ஒரு பழக்கம். தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. கூடு மரத்தில், சாப்பாடு மரத்தில், பயணமும் மரத்துக்கு மரம். இந்த மரத்துக் கிளை அடுத்த மரத்துக் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அதன் 'ரோடு' சரியாக இருக்கிறது. ஜீப் ஒன்று மட்டும் ஊர்ந்து போகிற பாதைக்கு மேலே இரண்டு பக்கத்துக் கிளைகளும் கைகோத்துக்கொள்ளும். அதே பாதையை லாரி எதிரெதிரே வந்து விலகுகிற அளவுக்கு அகலப்படுத்துங்கள்... மேலே வானம் தெரியும். நமக்கு அது வெளிச்சம். அணிலுக்கு, பாலம் உடைந்த ஆறு. ஒன்று தரையில் இறங்க வேண்டும், இல்லை இந்தக் கரையிலேயே இருந்துவிட வேண்டும்.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் பக்கத்து மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. உள்ளே நம் இஷ்டத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜாலிக்காக நான்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் ஓடையைக் கலக்குவதற்கு இது இடமில்லை. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் சரி.

அதற்காக, 'காட்டுக்குள் வண்டியே கூடாது' என்று நகரத்தில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவதும் நியாயமில்லை. மலையடிவாரத்தில் பளியர்கள் இருக்கிறார்கள். தேனும் மலைப்பொருளும் எடுத்து வாழ்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி பிரசவ வலி வந்தால் வண்டி வந்தாக வேண்டும். காட்டுத் தீ என்றால் வனக்காவலர் போய்ச் சேர வேண்டும். இதே மலைத்தொடரில் சதுரகிரியில், 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் உயிர்ப் பிரச்னை.

ஆக, கேள்வி 'ரோடு வேண்டுமா, காடு வேண்டுமா' என்பதல்ல. 'எத்தனை அடி அகலம், எவ்வளவு வேகம்?' என்பதுதான். எண்பதில் பறக்கிற வண்டிக்குக் காட்டைச் சீவித்தான் வழி செய்ய வேண்டும். மூன்று மைலில் போகத் தெரிந்த வண்டிக்கு, காடு விட்டுவைத்திருக்கிற சந்து போதும். நோயாளியும் வந்து சேருவார். கிளையும் தப்பும்.

செண்பகத்தோப்புக்குப் போனால் தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நில்லுங்கள். அதற்கு மேல் அனுமதி இல்லை என்றால் பரவாயில்லை. கல் பாதையைப் பார்த்தது போதும், தலையைத் தூக்கிப் பாருங்கள். கிளைகளுக்கு நடுவே வானம் எத்தனை அடி தெரிகிறது? அணிலுக்கு அதுதான் கணக்கு.