நடுவர் இல்லாத ஆட்டமும் நாயகர்களின் ஒழுக்கமும்

கோல்ஃப் போட்டியில் ஏறத்தாழ 150 பேர் பல கிலோமீட்டர் நீளும் புல்வெளியில் சிதறி ஆடுகிறார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் நடுவரை அனுப்புவது ஆகாத காரியம். அதனால் தன் தவற்றைத் தானே சொல்லித் தண்ட அடியை ஏற்பது ஆட்டக்காரரின் கடமை. அவருடைய அடிக்கணக்கை உடன் ஆடுபவர் எழுதித் தருவார்; சரிபார்த்து ஆட்டக்காரர் கையெழுத்திட்ட அட்டையே இறுதி. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ தெ விசென்சோ 17ஆம் குழியை 3 அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் தவறுதலாக 4 என்று எழுதிவிட, அதைக் கவனிக்காமல் அவர் கையெழுத்திட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த கணக்கு செல்லவில்லை, அட்டைதான் நின்றது. முதலிடத்துக்கான சமன் அந்த ஓர் அடியில் கைநழுவியது. இவ்வளவு கறாரான ஆட்டத்தில் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயம், ஏனெனில் அது இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆனால் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர்களிடம் மக்கள் எதிர்பார்ப்பது இதோடு நின்றதில்லை. நாவடக்கம், உடை, குடும்ப வாழ்க்கை, அடக்கமான புன்னகை எனப் பட்டியல் நீண்டது. பின்னால் சேர்ந்த இந்த எதிர்பார்ப்புகள் ஆட்டத்தின் இயல்பிலிருந்து முளைத்தவை அல்ல. முதலில் கிளப்புகளின் வாசலும், பிறகு விளம்பரச் சந்தையும் உருவாக்கியவை அவை. களத்து நேர்மையின் மதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டே அவை வளர்ந்தன என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

1744இல் எடின்பரோவுக்கு அருகே லீத் நகரின் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த 13 விதிகளே இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையவை. பந்து நீரில் விழுந்தால் என்ன செய்வது, ஒரு பந்து இன்னொன்றைத் தொட்டால் என்ன செய்வது என்பதே அவற்றின் கவலை. ஆடுபவரின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆடியவர்கள் எல்லோரும் ஒரே வர்க்கத்தார், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கூலிக்கு ஆடுபவர்கள் அரங்கத்துக்கு வந்தபோதுதான் ஒழுக்கம் கேள்வியாயிற்று. 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் கிளப் முதல் ஓப்பன் போட்டியை நடத்தியது. பிற கிளப்புகளுக்கு அது எழுதிய அழைப்பில், மட்டை சுமப்பவர்களுள் கண்ணியமானவர் எனப் பெயர் வாங்கியவரை அனுப்புமாறு கேட்டிருந்தது. வந்து ஆடியவர்கள் எட்டுப் பேர். அவர்கள் மட்டை செய்பவர்கள், பந்து செய்பவர்கள், களத்தைப் பராமரிப்பவர்கள். கனவான்களிடம் கேட்கப்படாத நற்சான்று இந்தத் தொழிலாளர்களிடம் கேட்கப்பட்டது. கோல்ஃப் வீரனின் ஒழுக்கம் பற்றிய பொது எதிர்பார்ப்பின் வேர் இங்கே இருக்கிறது. அது ஆட்டத்தைக் காக்க எழுந்த கேள்வியன்று; கீழிருந்து வருபவனை உள்ளே விடலாமா என்று வாசலில் நின்று கேட்ட கேள்வி.

அந்த வாசல் வெறும் உருவகமும் அன்று. 20ஆம் நூற்றாண்டு பிறந்து வெகுகாலம் ஆன பின்னும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பல கிளப் கட்டடங்களுக்குள் நுழைய முடியவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில் நடந்த ஓப்பனுக்கு வந்த அமெரிக்கர் வால்டர் ஹேகன், உடை மாற்றும் அறை மறுக்கப்பட்டதும் வாடகைக்கு எடுத்த சொகுசுக் காரைக் கிளப் வாசலிலேயே நிறுத்தி அதைத் தம் அறையாக்கிக்கொண்டார். 1923இல் ட்ரூனில் இரண்டாம் இடம் பெற்றபோது, பரிசளிப்புக்கு மட்டும் உள்ளே வரலாம் என்ற அழைப்பை அவர் ஏற்கவில்லை. இந்த ஹேகனின் புகழ் ஆராய்ச்சிக்கு உரியது. விருந்து, மது, ஆடம்பரம் என்று வாழ்ந்தவர்; அதை மறைக்கவும் இல்லை. பத்திரிகைகள் அவற்றைச் சுவைத்து எழுதின, மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 11 பெரும் பட்டங்களை வென்ற அவரிடம் குடும்பத் தலைவனின் கண்ணியத்தை யாரும் கோரவில்லை. புகழ்பெற்ற வீரர் வீட்டிலும் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பது காலங்காலமான எதிர்பார்ப்பு என்பவர்களுக்கு 1920கள் தெளிவான மறுப்பு.

அதே பத்தாண்டில்தான் எதிர்த்திசையிலும் ஓர் உருவம் எழுந்தது. அட்லாண்டாவின் பாபி ஜோன்ஸ் இளமையில் கடுங்கோபக்காரர். 1921இல், 19 வயதில், செயின்ட் ஆண்ட்ரூஸ் களத்தின் 11ஆம் குழியில் மணற்பள்ளத்தில் சிக்கித் திணறி ஓப்பன் போட்டியையே கைவிட்டார். அதே ஆண்டு அவர் வீசிய மட்டை பார்வையாளர் ஒருவரைத் தாக்க, கோபத்தை அடக்கினால்தான் இனி இடம் என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் எச்சரித்து எழுதியது. அவர் மாறினார். 1925இல் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பனின் முதல் சுற்று. பதினோராம் குழியின் அருகே உயர்ந்த புல்லில் பந்து கிடந்தது. மட்டையைப் பின்னால் வைத்தபோது பந்து சற்றே அசைந்தது என்றார் ஜோன்ஸ். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. முடிவை அதிகாரிகள் அவரிடமே விட்டார்கள். ஓர் அடியைத் தம் கணக்கில் தாமே ஏற்றிக்கொண்டார். நான்கு சுற்றுகளின் முடிவில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலை. 18 குழிகள் மீண்டும் ஆடியும் சமநிலை. மேலும் 18 ஆடியபோது ஓர் அடியில் தோற்றார். அந்தத் தண்ட அடி இல்லாதிருந்தால் சமநிலைக்கே இடமில்லை, பட்டம் அன்றே அவருடையது. பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவனைப் பாராட்டுவீர்களா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பதிலின் நுட்பத்தைப் பின்வந்தவர்கள் தவறவிட்டார்கள். தாம் செய்தது ஆட்டத்தின் அடிப்படைக் கடமை, தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பதே அவர் சொன்னது. மக்களோ அதை ஒரு மகானின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று 28 வயதில் விலகிய ஜோன்ஸ், பணத்துக்கு ஆடாத, சட்டம் படித்த, நல்ல குடும்பத்துக் கனவான். 1955 முதல் அவர் பெயரில் நல்லாட்டப் பண்புக்கான விருது வழங்கப்படுகிறது. களத்து நேர்மையும் வர்க்கக் கண்ணியமும் ஒரே மனிதரில் கலந்து நின்றதால், அவை இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் நிலைத்துவிட்டது.

அந்த மயக்கத்தை விற்பனைப் பொருளாக்கியது தொலைக்காட்சிக் காலம். 1960இல் வழக்கறிஞர் மார்க் மக்கார்மக், கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பாமரின் வணிக விவகாரங்களை ஏற்றார். வெற்றி வரும் போகும், ஆனால் ஒருவரின் பிம்பத்தை நீண்டகாலம் விற்கலாம் என்பது அவருடைய கணிப்பு, அது பலித்தது. கையெழுத்து கேட்டவருக்கெல்லாம் எழுத்துகள் புரியும்படி நின்று எழுதிக்கொடுத்த பாமரின் இயல்பான அன்பு, எஞ்சின் எண்ணெய் வரை விற்க உதவியது. அவரிடம் நடிப்பு இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த அன்பு ஒப்பந்தத்தின் பகுதியாயிற்று. தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பு வீரர்களுக்கு விதித்த அபராதங்களை நீண்டகாலம் வெளியிடாமல் காத்ததும் பிம்பத்தை நினைத்தே. இன்னொரு பக்கம் பார்வையாளரே காவலரானார். 1987இல் சான் டியேகோவில் கால்சட்டை அழுக்காகாமலிருக்கத் துண்டை விரித்து மண்டியிட்டு அடித்த கிரெய்க் ஸ்டாட்லர், வீட்டிலிருந்து பார்த்தவர்களின் தொலைபேசி அழைப்புகளால் தகுதி இழந்தார். 2017இல் லெக்ஸி தாம்ப்சன் முந்தைய நாள் பந்தை மிகச் சிறிதே இடம் மாற்றி வைத்ததை ஒருவர் மின்னஞ்சலில் தெரிவிக்க, நான்கு தண்ட அடிகள் விழுந்து பட்டத்தை இழந்தார். எதிர்ப்பு வலுத்ததால் 2018 தொடக்கம் முதல் இத்தகைய புகார்கள் ஏற்கப்படுவதில்லை.

இந்த நீண்ட சேர்க்கையின் முழுப் பாரமும் டைகர் வுட்ஸ் மீது இறங்கியது. 2009 நவம்பர் 27 அன்று ஃப்ளோரிடாவில் வீட்டு வாசலருகே நடந்த கார் விபத்தைத் தொடர்ந்து அவருடைய மணவாழ்க்கைத் துரோகங்கள் வெளிவந்தன. அக்செஞ்சர், ஏடி அண்ட் டி, கேட்டரேட் ஆகியவை அவரைக் கைவிட்டன, நைக்கி கைவிடவில்லை. அவரோடு ஒப்பந்தம் கொண்டிருந்த நிறுவனங்களின் பங்குதாரர்கள் 500 கோடி முதல் 1,200 கோடி டாலர் வரை இழந்ததாகக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர் இருவர் அந்த டிசம்பரிலேயே மதிப்பிட்டார்கள். ஒரு குடும்பத்தின் துயரம் பங்குச் சந்தையில் எண்ணாக மாறியதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 2010 பிப்ரவரி 19 அன்று பிஜிஏ டூரின் தலைமையகம் இருக்கும் ஊரில், அதன் களத்துக் கிளப் கட்டடத்தில், பல தொலைக்காட்சிகளின் நேரலையில் அவர் மன்னிப்புக் கேட்டார். கேள்விகளுக்கு இடமில்லை என்பதால் கோல்ஃப் எழுத்தாளர் சங்கம் புறக்கணித்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியதோடு, களத்தில் இனி ஆட்டத்துக்கு மரியாதை தருவேன் என்றும் அதே உரையில் சொன்னார். மட்டையை எறிவதும் வசைச்சொல்லும் மணத்துரோகமும் ஒரே குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றன. ஏப்ரலில், மாஸ்டர்ஸ் நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் தலைவர் பில்லி பெய்ன், நம் நாயகர் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நடக்கத் தவறினார் என்று செய்தியாளர் முன் கடிந்துகொண்டார். அன்று அந்தக் கிளப்பில் ஒரு பெண்கூட உறுப்பினர் இல்லை. கறுப்பர் ஒருவரை அது முதன்முதலாகச் சேர்த்ததே 1990இல்தான். பெண்களைச் சேர்த்தது 2012இல். 1860இன் வாசல்காப்போர் 2010இலும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நல்ல மனிதர் என்ற பிம்பத்தை விற்றுக் கோடிகள் ஈட்டியவர், பிம்பம் உடைந்தால் கணக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு? ஒப்பந்தம் செய்த நிறுவனத்துக்கு, அந்த ஒப்பந்தத்தின் எல்லைக்குள். அந்தப் பிம்பத்தை எழுதி, ஒளிப்படமெடுத்து, ஊரெங்கும் ஒட்டி லாபம் பார்த்ததும் அதே நிறுவனங்கள்தாம். பொருளின் குறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை, உள்ளே இருந்த மனிதர் மட்டுமே பொறுப்பு என்பதை ஏற்க முடியாது. இரண்டாவது மறுப்பு, குணம் பகுக்க முடியாதது, வீட்டில் பொய் சொல்பவர் களத்திலும் சொல்வார் என்பது. வரலாறு இதற்கு ஒத்துழைக்கவில்லை. வீட்டில் பொய் சொன்ன வுட்ஸ் மீது அடிக்கணக்கைத் திருத்தியவர் என்ற பழி இல்லை. ஜோன்ஸைப் போற்றிய நிறுவனங்களோ நிறத்தைப் பார்த்து மனிதர்களை வெளியே நிறுத்தின. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர் சங்கத்தின் அமைப்புவிதிகளில் வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற பிரிவு 1934 முதல் 1961 வரை இருந்தது. கண்ணியத்தின் மொழி அங்கே அநீதிக்குத் திரையாகப் பயன்பட்டது.

அப்படியானால் களத்துக்கு வெளியே எதையும் கேட்கக் கூடாதா என்பது மூன்றாவது மறுப்பு. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுவே. கேட்க வேண்டும், ஆனால் வேறொன்றை. 1963இல் இந்திய வம்சாவளியினரான பாப்வா செவ்கோலம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, கிளப்புக்குள் அனுமதியின்றி மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அதே நாட்டின் கேரி பிளேயர் 1966இல் வெளியிட்ட நூலில் நிறவெறி அரசை ஆதரித்தார். 1969இல் அமெரிக்காவின் டேட்டனில் போராட்டக்காரர்கள் அவர்மீது பனிக்கட்டியை எறிந்தார்கள். எறிந்தது தவறு, அவர்கள் எழுப்பிய கேள்வி சரி. தம் நிலைப்பாடு பிழையென்று பிளேயரே பின்னாளில் சொன்னார். 2018இல் மெக்சிகோவில் ஏறத்தாழ 13 லட்சம் டாலர் பரிசு வென்ற மேட் கூச்சர், மட்டை சுமந்த உள்ளூர்த் தொழிலாளிக்கு 5,000 டாலர் கொடுத்தார். வழக்கமான உதவியாளர் வெற்றிப் பரிசில் பத்தில் ஒரு பங்கு பெறுவதுண்டு. மாதங்கள் கழித்துக் கண்டனம் எழுந்த பிறகே தொகையை 50,000 ஆக்கி வருத்தம் தெரிவித்தார். 2022இல் சவூதி அரசின் மனித உரிமை மீறல்களை அறிந்தே அதன் பணத்தைப் பேரத்துக்குப் பயன்படுத்துவதாக ஃபில் மிக்கெல்சன் சொன்னது வெளியானபோது நிறுவனங்கள் அவரை விட்டு விலகின. மறு ஆண்டு ஜூனில் பிஜிஏ டூரே அந்தச் சவூதி அரசின் முதலீட்டு நிதியத்தோடு உடன்பாட்டை அறிவித்தது. இவை எதுவும் அந்தரங்கம் அல்ல. ஆட்டம் தந்த பெயரையும் பணத்தையும் கொண்டு பிறர் வாழ்க்கையைத் தொடும் செயல்கள். குடித்துவிட்டோ மருந்து மயக்கத்திலோ கார் ஓட்டினால் அதற்குச் சட்டம் இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே நடந்த துரோகத்தைக் கேட்கும் உரிமை அந்த இருவருக்கே.

2019இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகளில் ஆட்டக்காரரின் நடத்தைக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. நேர்மையாக ஆடுதல், பிறரை மதித்தல், களத்தைப் பேணுதல் என மூன்றையே அது கேட்கிறது. விளையாட்டுப் பக்கங்களை எழுதுவோரும் படிப்போரும் அந்த மூன்றைக் கறாராகக் கேட்கட்டும். கூடவே மட்டை சுமப்பவருக்கு என்ன கூலி போயிற்று, வீரரின் பெயரை எந்த அரசு வாடகைக்கு எடுத்திருக்கிறது, அவர் ஆடும் கிளப் யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கேட்கட்டும். வீரரின் வீட்டுக் கதவைத் தட்டுவதை மட்டும் விட்டுவிடலாம்.