மயிலாடுதுறையில் சைக்கிளும் நகரப் போக்குவரத்தும்

மயிலாடுதுறை காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதியில், ஆறு ஊடே ஓடும் நகரம். மாயூரம், மாயவரம் என்று வழங்கிவந்த ஊருக்கு 1982 முதல் இப்பெயர். 1866-இல் நகராட்சியானது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் 85,632 பேர் வாழ்ந்தனர். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சைக்கிளில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. சைக்கிளுக்கென்றே யாரோ அளந்து வைத்ததுபோன்ற ஊர். ஆனால் 2020 டிசம்பர் 28 அன்று தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டத்துக்குத் தலைநகரான பின்பு, இவ்வூரின் தெருக்களில் சைக்கிளுக்கு எஞ்சிய இடம் வேகமாகச் சுருங்கி வருகிறது.

மாயூரநாதர் கோயிலைச் சுற்றிய வீதிகள் தேருக்கும் நடப்போருக்கும் மாட்டு வண்டிக்குமாக அமைந்தவை. ஐப்பசி முழுவதும் துலாக் கட்டத்தில் நீராட வருவோரும் மாதக் கடைசி நாளில் கடைமுழுக்குக்குத் திரள்வோரும் இவ்வீதிகள் வழியாகத்தான் காவிரிக்கு நடக்கிறார்கள். 1870-களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை வந்தது. 1894-இல் தஞ்சை ஜில்லா போர்டு தன் வரிப்பணத்தில் முத்துப்பேட்டைவரை பாதை போட்டது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று சொந்தமாக ரயில் பாதை வைத்திருந்தது அக்காலத்தில் அரிது. 1926-இல் மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. ஊர்ப் போக்குவரத்தை ஊரே திட்டமிட்ட காலம் அது. அந்தப் பொறுப்பு பின்னாளில் கைநழுவியது.

சைக்கிள் முதலில் வசதி படைத்தோரின் வாகனமாகவே வந்தது. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகும் பொருள், விலை அதிகம். 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பிறகே உள்நாட்டு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் படுகையின் சிற்றூர்களுக்குப் பரவின. அப்போது நகராட்சிக்கு ஆண்டு வரி கட்டி, அதற்கான வில்லையைச் சைக்கிளில் பொருத்த வேண்டியிருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஆளை ஏற்றினாலும் அபராதம் விதித்தார்கள். வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கிடைத்தது. இருக்கைக்கு எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியது அந்த வாடகை வண்டிகளில்தான்.

வயல்காட்டுச் சைக்கிள் ஒரு சரக்கு வண்டி. கேரியரில் ஒரு நெல் மூட்டை, பாருக்கும் பெடலுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் இன்னொன்று. ஏறி மிதிக்க முடியாது, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஆலைக்குப் போக வேண்டும். பால் கேன்களும் புல்லுக்கட்டும் கடலோரத்து மீன் கூடையும் இப்படித்தான் வந்தன. கூறைநாட்டு நெசவாளர் வீடுகளுக்கு நூல் வந்ததும் புடவை போனதும் பெரும்பாலும் இதே வண்டியில்தான்.

பெண்கள் சைக்கிள் ஏறிய கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். 2001-இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிவாக்கியது. பீகாரின் புகழ்பெற்ற மாணவியர் சைக்கிள் திட்டம் 2006-இல்தான் வந்தது. சைக்கிளைக் கொடுத்த தமிழக அரசு, அது ஓடுவதற்குச் சாலையில் ஓரடி இடம் ஒதுக்கவில்லை. இத்திட்டத்தின் பெரிய குறை இதுவே.

ஓசூரில் 1980-இல் உருவான டி.வி.எஸ். 50 மொபெட், மூட்டை சுமக்கும் வேலையைச் சைக்கிளிடமிருந்து மெல்லப் பறித்தது. ஆயினும் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்ட 2011 கணக்கெடுப்பில், இந்திய அளவில் சைக்கிளில் போவோர் ஏறத்தாழ 13 விழுக்காடு. மோட்டார் இருசக்கர வாகனத்தாரைவிடச் சற்று அதிகம். அந்தக் கேள்வி விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் விட்டுவிட்டது. ஆகவே நெல் வட்டாரத்தின் உண்மையான சைக்கிள் எண்ணிக்கை எந்தத் திட்ட அறிக்கைக்குள்ளும் வரவில்லை.

கொள்கைகள் குறைவில்லை. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான கொள்கையை ஏற்றது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு நகரங்களுக்கிடையே சைக்கிள் போட்டித் திட்டம் ஒன்றை அறிவித்தது. எல்லாம் பெருநகரங்களையும் ஸ்மார்ட் சிட்டிகளையும் மனத்தில் வைத்தவை. ஆனால் குறைந்த செலவில் மாறக்கூடியவை மயிலாடுதுறை அளவுள்ள ஊர்களே. நெதர்லாந்தும் ஒரு டெல்டா நாடுதான். அங்கும் 1950, 60-களில் கார் பெருகிச் சைக்கிள் தேய்ந்தது. 1970-களில் விபத்தில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் போராட்டமும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதைத் திருப்பின. அந்நாட்டின் குரோனிங்கன் நகரம் 1977-இல் தன் மையப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேரே போக முடியாது, வெளிவட்டச் சாலையைச் சுற்ற வேண்டும். நடப்போரும் சைக்கிளும் நேரே போகலாம். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், நகராட்சி பின்வாங்கவில்லை. தேர் வீதிகளும் பட்டமங்கலத் தெருவும் மகாதானத் தெருவும் உள்ள ஊருக்கு இது எட்டாத யோசனை அல்ல.

இன்றைய நெருக்கடி கிழக்கே கூடுகிறது. மன்னம்பந்தலில் 1955 முதல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது, 2024 மார்ச்சில் புதிய ஆட்சியர் அலுவலகமும் அங்கேயே திறக்கப்பட்டது. மாணவரும் ஊழியரும் மனு கொடுக்க வருவோரும் ஒரே தரங்கம்பாடி சாலையில் பேருந்துகளுக்கு நடுவே நெருக்குகிறார்கள். நகருக்குள் புதைசாக்கடைக் குழாய் உடைந்து தார்ச்சாலை திடீரென உள்வாங்குவது பலமுறை நடந்தது. காருக்கு அது சுற்றிப் போகும் தொல்லை, சைக்கிளில் வருபவருக்கு எலும்பு முறிவு. அறுவடைக் காலத்தில் களம் போதாமல் பாதிச் சாலையில் நெல் காயும்போது ஓரம் முழுவதும் போய்விடுகிறது. சாலையை அகலப்படுத்தினால் முதலில் சாய்வது புளிய மரங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நிழலில்லாத சாலையில் எவரும் மிதிக்க மாட்டார்கள். மரத்தையும் சைக்கிள் பாதையின் ஓர் உறுப்பாகவே கணக்கிட வேண்டும்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. சுற்றுவட்டாரப் பெண்களின் பயணத்துக்கு இது பெரிய விடுதலை. பேருந்து நிறுத்தங்களில் சைக்கிளைப் பூட்டி வைக்க நிழலான இடம் இருந்தால், ஊரிலிருந்து நிறுத்தம்வரை சைக்கிள், அப்புறம் பேருந்து என்று இரண்டும் இணையும்.

தரங்கம்பாடி ரயில் 1986-இல் நிறுத்தப்பட்டது. அதை மீட்டுக் காரைக்கால்வரை நீட்டவேண்டும் என்ற கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது, அது நியாயமானது. பாதை திரும்ப வரும்போது, அந்த நிலத்தின் ஓரமாக மன்னம்பந்தல்வரை மரநிழலோடு ஒரு சைக்கிள் தடத்தையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பாதை போட்டபின் கேட்டால் இடம் இருக்காது.