மீள் சத்திரசிகிச்சையும் மீட்சியின் காரணிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தோர் குணமடைவது சத்திரசிகிச்சையாளரின் கைவன்மையை மட்டும் பொறுத்ததன்று. மாற்றிப் பொருத்திய நாரும் அறுந்து, மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாவோரிடத்து இவ்வுண்மை மேலும் துலக்கமாகின்றது.

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே மேயோ ரொப்சன் தைத்து இணைத்தது ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவைத் தசைநார்களையே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1917இல் ஹே குரோவ்ஸ் தொடைத் திசுப்பட்டையைக் கொண்டு புதிய நார் அமைத்தார். அறுந்ததைத் தைக்கும் நிலையிலிருந்து புதியதை ஆக்கும் நிலைக்கு மருத்துவம் இவ்வாறு வளர்ந்தது. 1980களிற் சந்தைக்கு வந்த செயற்கை நார்களோ பெரும்பாலும் தேய்ந்தறுந்தன, மூட்டழற்சியையும் விளைவித்தன.

மீள் சத்திரசிகிச்சை பற்றி வட அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய பன்மைய ஆய்வொன்று 1205 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 2014இல் வெளியான அதன் முடிவின்படி, இறந்தோரின் திசுவைப் பெற்றோரைக் காட்டிலும் தம் உடலின் தசைநாணையே பெற்றோரிடத்து, ஈராண்டினுள் நார் மீண்டும் அறுவது 2.78 மடங்கு குறைவாயிருந்தது. குருத்தெலும்பின் சிதைவு, உடற்பருமன், புகைத்தல் ஆகியனவும் மீட்சியைப் பாதிப்பன.

இக்காரணிகள் தனிமனிதரின் இயல்புகளாகவே பதிவாகின்றன. ஆயின் உறுதியிழந்த மூட்டுடன் உழைக்கும் காலம் நீள நீளக் குருத்தெலும்பும் சிதைகின்றது. கூலியிழக்க அஞ்சுவோருக்குக் காத்திருப்பும் ஓய்வும் எளிதல்ல. சத்திரசிகிச்சையின் பின்னரும் பல மாதப் பயிற்சி வேண்டும். அம்மாதங்களின் செலவை யார் ஏற்பது? இவ்வினாவைத் தவிர்த்து மீட்சியை அளப்போர், மூட்டை அளக்கின்றனரேயன்றி மனிதனை அளக்கின்றாரல்லர் எனலாம்.