கண்ணுக்குத் திறப்பு, கைக்குப் பூட்டு

ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் தேர்தல் நாளன்று வாக்காளர் தாளில் குறியிட்டு, மடித்து, தம் கையாலேயே பெட்டியில் இடுகின்றார். இந்தியாவிலோ தாளின் இடத்தை யந்திரம் பெற்றுவிட்டது. வேண்டாத கையின் கட்டளையை ஏற்காமல் பூட்டிக்கொண்டு, கணக்கை மட்டும் கண்ணுக்குக் காட்டுவதே அந்த யந்திரத்தின் உயிர்நிலை. அது தோன்றி வளர்ந்த வரலாறு அறியத்தக்கதாகும்.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள இரு அரசாங்க மின்னணு நிறுவனங்கள் இதனை உருவாக்கின. பெங்களூர் நிறுவனமாகிய பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய தமிழ் எழுத்தாளர் சுஜாதாவுக்கு இம்முயற்சியில் சிறப்பான பங்கு உண்டு. சாவடி அதிகாரி தம் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு வாக்குக்கு வழி திறக்கும். வாக்குப் பதிவானதும் யந்திரம் தானே பூட்டிக்கொள்ளும். வாக்காளர் மீண்டும் மீண்டும் அழுத்தினாலும் பயனில்லை. மொத்தம் எத்தனை வாக்குகள் விழுந்தன என்பதை அதிகாரியின் முன்னுள்ள முகப்புக் காட்டும். யாருக்கு விழுந்தன என்பதைக் காட்டாது. மாலையில் வாக்குப்பதிவை மூடும் பொத்தானை அழுத்திய பின் புதிய வாக்கு ஏறாது. மொத்தத் தொகையை மட்டும் பார்க்கலாம்.

1982இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் இது முதன்முதலாகப் பயன்பட்டது. வெற்றி வித்தியாசம் 123 வாக்குகளே. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. யந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் தீர்ப்பாயிற்று. அச்சாவடிகளில் தாள் கொண்டு மறுவாக்குப்பதிவு நடந்தது, வெற்றியும் கைமாறிற்று. பின்னர் 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் மூன்று மாநிலங்களின் 16 தொகுதிகளிலும், 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதிலும், 2004இல் நாடெங்கும் யந்திரமே வாக்கைப் பெற்றது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மொத்தத் தொகையைக் காட்டிய யந்திரம், வாக்காளர் அழுத்தியதுதான் பதிவாயிற்று என்பதற்குத் தாள் சான்று எதுவும் தரவில்லை. இதனைப் போக்கத் தாள் சீட்டு அவசியம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டே நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் புதிய கருவி வந்தது. அதில் வாக்குச்சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தோன்றும். கண் படிக்கலாம், கை எடுக்கலாகாது. பிறகு அறுந்து பெட்டியில் விழும். 2019 பொதுத் தேர்தலில் இது எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. பழைய தாள் முறைக்கே திரும்பவேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

கள்ளக் கையைத் தடுக்கப் பூட்டுப் போதும். ஆனால் தோற்றவரும் முடிவை ஏற்கவேண்டுமானால், பூட்டினுள் நடந்ததைக் காட்டும் கண்ணாடியும் வேண்டும். பரவூர் முதல் நோக்சென் வரை முப்பதாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே.