கை செனாட்

கை செனாட் (பிறப்பு: 2001 டிசம்பர் 16) அமெரிக்க ஸ்ட்ரீமர், யூடியூபர். ட்விட்ச் நேரலைத் தளத்தில் ஒரே சமயத்தில் மிக அதிகச் சந்தாதாரர்களை வைத்திருந்தவர் என்ற சாதனையை 2023, 2024, 2025 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் படைத்தவர். 2023 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் யூனியன் ஸ்கொயரில் அவர் அறிவித்த இலவசப் பரிசளிப்பு கலவரத்தில் முடிந்தது. கைது, வழக்கு, இழப்பீடு எல்லாம் அதைத் தொடர்ந்தன. அவர் வளர்ந்த விதமும் சிக்கலில் மாட்டிய விதமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பார்வையாளரைப் பார்வையாளராகவே விட்டுவிடாமல் நிகழ்ச்சிக்குள் இழுத்து, அதை நடத்துவதில் பங்காளி ஆக்குவதே அவருடைய நேரலையின் அடிப்படை.

இளமை

செனாட் நியூயார்க்கில் பிறந்து, பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பம். பிள்ளைகளை வளர்த்த பொறுப்பு தாயுடையது. சிறுவயதில் குடும்பத்தோடு வீடற்றோர் காப்பகத்தில் தங்கியிருந்த நாள்களைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். பள்ளிப் பருவத்திலேயே நகைச்சுவைத் துணுக்குகளை எடுத்து வெளியிடத் தொடங்கினார். 2018 முதல் யூடியூபில் குறும்பு வீடியோக்கள் தொடர்ந்து வந்தன. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மோரிஸ்வில் வளாகத்தில் வணிக நிர்வாகம் படிக்கச் சேர்ந்தவர், வீடியோ வேலைக்காகப் படிப்பைப் பாதியில் விட்டார்.

அந்தக் காலத்தில் ஏஎம்பி என்ற யூடியூப் குழுவில் சேர்ந்தார். ஃபேனம், டியூக் டென்னிஸ், ஏஜென்ட் 00 முதலிய இளைஞர்கள் சேர்ந்து நடத்திய குழு அது. பின்னர் இவர்கள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லான்டா பகுதியில் ஒரே வீட்டில் குடியேறி, சவால், விளையாட்டு, கேலி என்று வீடியோக்களை எடுத்துக் குவித்தார்கள். ஒருவர் சாப்பாட்டை இன்னொருவர் பிடுங்கித் தின்பது, நள்ளிரவில் தூங்குபவரை எழுப்பிக் கலாட்டா செய்வது போன்ற அன்றாடச் சேட்டைகளே அவற்றில் பெரும்பகுதி. கூட்டுக் குடித்தனத்தின் இந்தச் சத்தம் செனாட்டின் தனி நேரலைக்கும் அடித்தளமானது. அவர் அறைக்குள் யார் எப்போது நுழைவார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, பல சமயம் அவருக்கே தெரியாது.

ட்விட்ச்சும் சந்தாவும்

ட்விட்ச் 2011இல் தொடங்கியது. கணினி விளையாட்டை ஒருவர் ஆட, மற்றவர்கள் பார்ப்பதற்கான தளமாகவே அது முதலில் இருந்தது. அமேசான் நிறுவனம் 2014இல் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது. செனாட் அங்கே 2021 பிப்ரவரியில் கணக்கைத் தொடங்கினார். விளையாட்டில் அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் அல்லர். ஆட்டத்தில் தோற்கும்போது எழுந்து அறையைச் சுற்றி ஓடுவது, நாற்காலியைத் தள்ளுவது, கேமராவில் முகத்தை ஒட்டிவைத்துக் கத்துவது என உடம்பால் செய்த நகைச்சுவைதான் ஆள்களைச் சேர்த்தது. 2022இல் 21 சாவேஜ், லில் பேபி போன்ற ராப் பாடகர்கள் அவர் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். எழுதிக்கொடுத்த கேள்விகளோ விளம்பர அதிகாரியின் கண்காணிப்போ இல்லாத பேச்சு அது. புதுப் பாட்டை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க வானொலியையும் தொலைக்காட்சியையும்விட இந்த அறை பயன்படும் என்று இசை நிறுவனங்கள் புரிந்துகொண்டது இப்படித்தான். பிறகு நிக்கி மினாஜ் போன்ற பெரிய நட்சத்திரங்களும் அங்கே வந்தார்கள்.

ட்விட்ச்சில் நேரலையைப் பார்க்கப் பணம் தேவையில்லை. பிடித்த ஸ்ட்ரீமருக்கு மாதம் ஏறக்குறைய 6 டாலர் கட்டிச் சந்தாதாரர் ஆகலாம். பெயருக்கு முன் ஒரு சின்ன அடையாளம், சாட்டில் பயன்படுத்தத் தனிப் படக்குறிகள், விளம்பரத் தொல்லையின்றிப் பார்க்கும் வசதி ஆகியவை சந்தாதாரருக்குக் கிடைப்பவை. அந்தப் பணத்தைத் தளமும் ஸ்ட்ரீமரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் பாதிக்குப் பாதி. அமேசான் பிரைம் வைத்திருப்பவர் மாதம் ஒருவருக்கு இலவசமாகச் சந்தா போடலாம். ஒருவர் நூறு பேருக்குச் சந்தாவைப் பரிசாக அளிக்கலாம், அப்போது அவர் பெயர் எல்லாருடைய திரையிலும் ஓடும். அந்தச் சில விநாடிப் பெருமைக்காகவே பெருந்தொகை செலவழிப்பவர்கள் உண்டு. சந்தாவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மாதம்தான். புதுப்பிக்காவிட்டால் எண்ணிக்கை தானாக இறங்கிவிடும்.

இந்த முறையிலிருந்து பிறந்தது 'சப்தான்' என்ற தொடர் நேரலை. அமெரிக்க ஸ்ட்ரீமர் லுட்விக் ஆக்ரன் 2021இல் ஒவ்வொரு புதுச் சந்தாவுக்கும் நிகழ்ச்சி சில விநாடி நீளும் என்று அறிவித்து, தூங்குவதையும் ஒளிபரப்பி, 31 நாள் நடத்தினார். முடிவில் 2,83,066 சந்தாக்கள் சேர்ந்தன. செனாட் 2023 பிப்ரவரியில் 'மாஃபியாத்தான்' என்ற பெயரில் மாதம் முழுவதும் கேமராவை அணைக்காமல் வைத்திருந்தார். சாப்பாடு, தூக்கம், நண்பர்களுடன் சண்டை, விருந்தினர் வருகை என்று எதுவும் விடுபடவில்லை. சந்தா 3 லட்சத்தைத் தாண்டி லுட்விக்கின் சாதனையை முறியடித்தது. அப்போது அவருக்கு வயது 21. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் 'ஸ்ட்ரீமர் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஸ்ட்ரீமர் விருது அவருக்கே கிடைத்தது.

யூனியன் ஸ்கொயர்

மன்ஹாட்டனின் 14ஆம் தெருவை ஒட்டிய யூனியன் ஸ்கொயர் பூங்கா கூட்டத்துக்குப் பழகிய இடம். அமெரிக்காவின் முதல் தொழிலாளர் தின ஊர்வலம் 1882இல் சென்ற வழி அது. இன்றும் உழவர் சந்தையும் பெரிய சுரங்க ரயில் நிலையமும் அதை ஓயாமல் இயங்கவைக்கின்றன. 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் செனாட் தன் நேரலையில் ஓர் அறிவிப்பு விடுத்தார்: வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 4, மாலை 4 மணிக்கு அங்கே வருவோருக்குப் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவி உள்ளிட்ட பொருள்களை இலவசமாகத் தருவதாக. கோடை விடுமுறைக் காலம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக வர நேரம் இருந்தது. பிளேஸ்டேஷன் 5இன் விலை அப்போது சுமார் 500 டாலர். நகராட்சியிடம் அனுமதி எதுவும் பெறப்படவில்லை.

பிற்பகல் ஒன்றரை மணிக்கே கூட்டம் சேரத் தொடங்கிவிட்டதைக் காவல்துறை கவனித்தது. 3 மணிவாக்கில் ஆயிரக்கணக்கானோர் பூங்காவை நிறைத்துச் சாலையில் வழிந்தார்கள். செனாட் ஒரு வாகனத்துக்குள் உட்கார்ந்து நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். கொடுக்கப்போகும் பரிசு அட்டைகளைக் கேமராவில் காட்டினார். கூட்டத்தையும் போலீஸையும் கண்டதும், எல்லாரும் பத்திரமாக இருக்க வேண்டும், பாதுகாப்பு உறுதியாகும்வரை எதுவும் தொடங்காது என்றார். ஆனாலும் சிறிது நேரத்தில் தன் ஆள்களோடு இறங்கிச் சாலையைக் கடந்து பூங்காவுக்குள் போனார். தள்ளுமுள்ளு அங்கே உச்சத்துக்குப் போனது. இளைஞர்கள் கார்களின் கூரை மீதும் சுரங்க ரயில் வாயிலின் மீதும் ஏறி நின்றார்கள். தடுப்புகள் சரிந்தன. அருகிலிருந்த கட்டுமானத் தளத்திலிருந்து கருவிகளை எடுத்துவந்தவர்கள் உண்டு. பாட்டில்களும் பட்டாசுகளும் பறந்தன. காவல்துறை தன் மிக உயர்ந்த நிலைத் திரட்டலை அறிவித்து நகரெங்கிலுமிருந்து ஏறக்குறைய ஆயிரம் பேரை வரவழைத்தது. சுரங்க ரயில்கள் அந்த நிலையத்தில் நிற்காமல் சென்றன. பிடிபட்டவர்களை ஏற்றிச் செல்ல நகரப் பேருந்து வந்தது.

கைதானவர்கள் 65 பேர். அவர்களில் 30 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். போலீஸார் சிலரும் பொதுமக்களும் காயமுற்றார்கள். இந்த நிகழ்வில் மிகவும் யோசிக்க வைப்பது அந்த 30 என்ற எண்தான். தினமும் திரையில் பேசும் ஓர் அண்ணன் 'வா' என்று கூப்பிட்டதால் ரயிலேறி வந்த பிள்ளைகள் அவர்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் கலகம் செய்யும் எண்ணத்தோடு வரவில்லை. கூப்பிட்டவரிடமோ வரிசை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வெளியேறும் வழி இல்லை.

கூட்டத்திலிருந்து செனாட்டைக் காவல்துறையே வெளியே கொண்டுபோனது. கலவரத்தைத் தூண்டியது, சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டியது ஆகிய குற்றச்சாட்டுகள் அவர் மீது சுமத்தப்பட்டன. சில நாள் கழித்து நேரலைக்குத் திரும்பியவர், பரிசளித்து மகிழ்விப்பதே தன் நோக்கம் என்றும், சேதம் விளைவித்தவர்களின் செயல் வருத்தமளிப்பதாகவும், தன் செல்வாக்கின் அளவு இப்போதுதான் தெரிகிறது என்றும் பேசினார். 2024 மே மாதம் அவர் 55 ஆயிரம் டாலருக்கும் அதிகமான தொகையை இழப்பீடாகக் கட்டி, சமூக ஊடகத்தில் பொது மன்னிப்பும் கேட்டார். பூங்காவின் செடிகொடிகளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்கான பணம் அது. மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை. முதல் குற்றம், இளம் வயது, சேதத்துக்கு ஈடு என்று பார்த்தால் இது நியாயமான முடிவுதான். ஆனால் பொறுப்பின் எல்லை எது என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்காமலே அது முடிந்துபோனது. பொது இடத்தில் கூட்டம் நடத்துவதற்கான விதிகள், முன்கூட்டியே விண்ணப்பம் போடும் கட்சியையும் சங்கத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓர் இளைஞர் படுக்கையறையிலிருந்து பேசி இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டுவதை எதிர்கொள்ள அவற்றில் வழியில்லை.

பிற சர்ச்சைகள்

விதிமீறல் காரணமாக ட்விட்ச் செனாட்டின் கணக்கைப் பலமுறை தற்காலிகமாக முடக்கியிருக்கிறது. அவரும் தளத்தின் விதிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தப்படுவதில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறியதுண்டு. 2022 கடைசியில் தொடங்கிய கிக் என்ற போட்டித் தளம், ஸ்ட்ரீமர்களுக்குச் சந்தாவில் 95 விழுக்காடு தருவதாக ஆசைகாட்டியது. அவருடைய நண்பர் அடின் ராஸ் உட்பட முன்னணி ஸ்ட்ரீமர்கள் சிலர் அங்கே போனார்கள். கிக்கின் பின்னணியில் இருந்தவர்கள் ஸ்டேக் என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்தை நடத்துபவர்கள். செனாட் ட்விட்ச்சிலேயே இருந்தார். அவருடைய பார்வையாளர்களின் வயதை நினைத்தால், இந்தத் தேர்வுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

யூனியன் ஸ்கொயர் கலவரம் நடந்த சில வாரங்களிலேயே சிறைச்சாலை போன்ற அரங்கை அமைத்து, நண்பர்களோடு ஏழு நாள் 'கைதி'யாக இருந்து ஒளிபரப்பினார். கைது அனுபவத்தையே நிகழ்ச்சிக்குப் பொருளாக்கிய அந்த வேகம் அவர் தொழிலின் இயல்பைக் காட்டுகிறது: நல்லதோ கெட்டதோ, நேர்ந்தது அடுத்த ஒளிபரப்புக்கு உணவாகும். ஓய்வும் அந்தரங்கமும் இதில் முதலில் தொலைகின்றன. தூக்கத்தையும் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாதம் எவர் உடம்பையும் மனத்தையும் உலுக்கும். அவரைப் பார்த்து அதே வழியில் இறங்கும் பதின்வயதினருக்கு, உதவியாள்களும் சாட்டைக் கண்காணிக்கும் மாடரேட்டர்களும் கொண்ட அவருடைய குழு போல எதுவும் இல்லை.

பிந்தைய ஆண்டுகள்

2024இல் அவருடைய நிகழ்ச்சிகள் பெருமளவு ஒழுங்குபட்டன. எல்டன் ரிங் என்ற கடினமான ஜப்பானிய விளையாட்டை முடிக்காமல் எழுவதில்லை என்று உட்கார்ந்தவர், 167 மணி நேர ஆட்டத்தில் 1,700 முறைக்கும் மேல் தோற்று முடித்தார். ஒரே எதிரியிடம் இரவெல்லாம் தோற்றுக்கொண்டிருந்த மனிதரை விட்டு விலகாமல் சாட்டில் விழித்திருந்தவர்கள் பலர். அவருடைய பார்வையாளர்களின் பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த ஜூனில் நடிகர் கெவின் ஹார்ட், நகைச்சுவையாளர் டிரஸ்கி ஆகியோர் அவர் வீட்டில் ஓரிரவு தங்கிய நிகழ்ச்சி பெரிதும் பேசப்பட்டது.

லுட்விக்கிடமிருந்து செனாட் பறித்த சாதனையை 2024 இலையுதிர் காலத்தில் அயர்ன்மவுஸ் என்ற பெண் ஸ்ட்ரீமர், கணினி அசைவூட்ட உருவத்தின் பின்னாலிருந்து பேசுபவர், 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாக்களோடு தட்டிச் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் செனாட் இரண்டாவது மாஃபியாத்தானை நடத்தி 7 லட்சத்தைத் தாண்டினார். ஸ்னூப் டாக், செரீனா வில்லியம்ஸ் போன்றோர் வந்துபோன மாதம் அது. வருமானத்தில் ஒரு பங்கை நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நீர்மேல் அமைந்த மக்கோக்கோ குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட ஒதுக்குவதாகவும் அறிவித்தார்.

2025 மே மாதம் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் பல்கலைக்கழக வளாகத்தில் 'ஸ்ட்ரீமர் யுனிவர்சிட்டி' என்ற பயிற்சி முகாமை நடத்தினார். தேர்ந்தெடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இளம் ஸ்ட்ரீமர்கள் விடுதியில் தங்க, அனுபவமுள்ளவர்கள் வகுப்பெடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் தெருவில் சிதறிய கூட்டத்தை நினைக்கும்போது, விண்ணப்பம், தேர்வு, வளாகம், காவல் என்று எல்லாம் முறைப்படி நடந்த இந்த நிகழ்ச்சி அவர் கற்றுக்கொண்டதைக் காட்டுகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த மூன்றாவது மாஃபியாத்தானில் அவருடைய சந்தா எண்ணிக்கை 10 லட்சத்தைக் கடந்தது. ட்விட்ச்சில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை அது.