கோச்சுப் பட்டறையும் வாணப் பட்டறையும்: சிறு தயாரிப்பாளர்களின் பறக்கும் பொருட்கள், 1910–1967

இந்திய விமான வரலாற்றைப் பெரிய ஆலைகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். 1940இல் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனமே பெரும்பாலும் முதல் அத்தியாயம். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு விமானம் உருவாகிப் பறந்துவிட்டது. பறக்கும் பொருளைச் செய்த சிறு தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் பக்கத்துத் தொழில் ஒன்றின் கருவிகளையும் கைப்பழக்கத்தையும் கடன் வாங்கியே வானத்தை எட்டினார் என்பது இக்கட்டுரையின் வாதம். சிவகாசியில் ராக்கெட் பட்டாசாகவே நின்றுவிட்டது ஏன் என்ற கேள்வியையும் இந்தக் கோணத்தில்தான் அணுக வேண்டும்.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர் ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், கோர்சிகா தீவுக்காரர். 1909இல் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகெங்கும் பரவியிருந்த நேரம். ஏஞ்சலிஸ் தாமே வரைந்த வடிவத்தைச் சிம்ப்சன் நிறுவனத்தாரிடம் கொடுத்துச் செய்வித்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அந்த விமானம் மேலெழுந்தது. பின்னர் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார். இந்திய விமான வரலாற்றில் பெரிதும் பேசப்படுவதோ இதற்குப் பிந்தையது: அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே விமானத்தில் தபால் கொண்டு சென்றது 1911 பிப்ரவரி 18இல்தான். சிம்ப்சன் அடிப்படையில் கோச்சு எனும் குதிரை வண்டி கட்டிய நிறுவனம். மரத்தை இலேசாகவும் உறுதியாகவும் இணைப்பதும், சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டுவதும் அங்கே அன்றாட வேலை. அந்தக் கால விமானத்துக்கு, எஞ்சினைத் தவிர, தேவைப்பட்டது ஏறத்தாழ இதே திறமைதான்.

சிவகாசிக்குப் பக்கத்துத் தொழில் தீப்பெட்டி. 1922இல் அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குக் கடும் வரி விதித்தது. உள்ளூர்த் தயாரிப்புக்கு வழி திறந்தது. அவ்வாண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத்தொழில் பெருகியது; வண்ண மத்தாப்புத் தீக்குச்சியிலிருந்து பட்டாசு கிளைத்தது. இரண்டாம் உலகப்போரில் பட்டாசு இறக்குமதி அடைபட்டது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இத்தொழிலை உரிமத்துக்குள் கொண்டுவந்தன. ஸ்டாண்டர்ட் பயர் ஒர்க்ஸ் 1942இல் எழுந்தது. காகிதம், பசை, இரசாயனம், அச்சு எல்லாமே ஒரே வட்டாரத்தில் கிடைத்தன. மழை குறைந்த கரிசல் பூமியின் வெயிலும் உலர்த்துவதற்குக் கைகொடுத்தது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கப் போன அதே கல்கத்தாவில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பட்டாசுப் பட்டறை வேறொரு பாதையைத் தொட்டது. தபால்தலை ஆர்வலர் ஸ்டீபன் ஸ்மித் 1934 செப்டம்பர் 30இல், கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கிக் கடிதங்கள் நிரப்பிய ராக்கெட்டை ஏவினார். அது நடுவானில் வெடித்துக் கடிதங்கள் சிதறின. அவர் விடவில்லை. ஓரியண்டல் பயர் ஒர்க்ஸ் என்ற கல்கத்தா நிறுவனம் அவருக்கு ராக்கெட் செய்து கொடுத்தது. 1935இல் சிக்கிம் அரசரின் ஆதரவோடு ஆற்றுக்கு அப்பால் பொருட்களை அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் ஒரு சேவலையும் கோழியையும் தாமோதர் நதியைத் தாண்டி உயிரோடு இறக்கினார். 1992இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவருக்கு ராக்கெட் செய்து கொடுத்த பட்டாசுக் கைகளுக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் தரவில்லை என்றே கருதுகிறேன்.

அந்தக் கைகளின் வேலை எளிதன்று. பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி இறுக உருட்டிக் குழாயாக்க வேண்டும். அடிவாயைக் களிமண்ணால் அடைத்து, நடுவே குறுகிய துளை விட வேண்டும். உள்ளே செலுத்துவது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் சேர்ந்த கருமருந்து. வெடிக்காமல் சீறி எரிவதற்காக ராக்கெட்டுக்குக் கரியைக் கூட்டுவார்கள். மருந்தின் நடுவே கூம்பு வடிவில் ஒரு வெற்றிடம் விடுவதால், எரியும் பரப்பு பெருகி, தீ பட்டதும் உந்துவிசை கிடைக்கிறது. குச்சியோடு சேர்த்து விரல்மேல் வைத்தால், அடிவாய்க்குச் சற்றுக் கீழே ராக்கெட் நிலைகொள்ள வேண்டும். குச்சி குட்டையானால் தலை திரும்பிக் கூட்டத்துக்குள் பாயும். உந்துவிசை, எரிபரப்பு, ஈர்ப்பு மையம் என்று கல்லூரியில் பெயர் பெறும் மூன்றும் இந்தச் சிறு பொருளில் அடங்கியுள்ளன.

அப்படியிருந்தும் சிவகாசியில் பட்டாசைத் தாண்டிய அடுத்த படி வரவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணம் அல்ல. முதல் காரணம் சந்தை: தீபாவளி வாடிக்கையாளர் கேட்பது நிறத்தையும் ஓசையையும், எட்டும் தூரத்தையோ குறி தவறாமையையோ அல்ல. ஆகவே முதலீடும் சோதனையும் ராக்கெட்டின் தலைப்பகுதியில் வைக்கும், நிறம் தரும் மணி மருந்துக்கே போயின. 'பேன்சி' ரகங்கள் பெருகியபோது, தானே உந்திப் பறக்கும் ராக்கெட்டின் இடத்தைத் தரையில் நிற்கும் குழாய் பிடித்துக்கொண்டது. அது குண்டை மேலே எறிகிறதே தவிர, தான் பறப்பதில்லை. இரண்டாவது காரணம் சட்டம். இன்றைய 2008ஆம் ஆண்டு விதிகளிலும் பட்டாசு ஆலையின் தரம் மருந்தின் எடையால்தான் பிரிகிறது: 15 கிலோ வரை உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம், 500 கிலோ வரை சென்னை வெடிபொருள் அலுவலகம், அதற்கு மேல் நாக்பூர் தலைமை அலுவலகம். 'டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்றே ஊரில் ஆலைகளை அடையாளம் சொல்கிறார்கள். இந்த ஏணியில் ஏறுவது என்றால் அதிகம் செய்வது. புதிதாகச் செய்வதற்கு அதில் படியே கிடையாது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பை நான் குறைசொல்ல மாட்டேன். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு யாரும் சொல்லக் கூடாது. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட வேலிக்குள் சோதனைக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கலாம்.

தென்னகத்தின் ராக்கெட் வேறு வாசல் வழியாக வந்தது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதலில் ஏறியது அமெரிக்க நைக்-அப்பாச்சி. உள்நாட்டு ரோகிணி ஆர்.எச்.-75 பறந்தது 1967 நவம்பரில். அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். காகிதக் குழாய் உருட்டும் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு எட்டாத அளவு அல்ல அது. அரசின் ராக்கெட் திட்டம் ஆளெடுத்தது பொறியியல் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும். குழாய் உருட்டியவர்களுக்கு அங்கே போக வழி திறக்கவில்லை.