பெயர் சுமந்த சுருள்

கார்த்தூசியத் துறவற சபையைத் தோற்றுவித்த புருனோ 1101ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் தென் இத்தாலியில், கலாப்ரியாவில் காலமானார். தனிமையையே நோன்பாகக் கொண்ட சபை அது. ஆயினும் அவர் மறைவை அறிவிக்கத் தூதர் ஒருவர் தோற்சுருளுடன் புறப்பட்டு இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து என மடந்தோறும் கோயில்தோறும் சென்றார். நம் ஊர்களில் இழவு சொல்லச் செல்பவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இவர் எழுத்தில் மறுமொழியும் பெற்று வந்தார். புகழ்ப்பாவும் மன்றாட்டு உறுதியுமாக 178 குறிப்புகள் சேர்ந்தன.

இத்தகைய சுருள்களில் மடத்தார் தம்முள் இறந்தோர் பெயர்களையும் எழுதி, அவர்களுக்காகவும் வேண்டுமாறு கேட்பது வழக்கம். இதைக் கொடுக்கல் வாங்கலாக நாம் கருதவில்லை. இல்லறம் துறந்தவர்க்குத் திதி கொடுக்க மக்கள் ஏது? சகோதரர்களே அக்கடனை ஏற்றனர். அச்சபைத் துறவியரின் கல்லறை மீது இன்றும் பெயர் பொறிக்காத மரச்சிலுவையே நிற்கிறது.